வேன் கூரையில் ‘டிஜிட்டல் அன்டனா’: அந்த வாட்ஸ்அப் செய்தி சரியில்லை

“கேம்பர் வேன் கூரையில் இந்த டிஜிட்டல் அன்டனாவை ஒட்டினால் 300 கிலோமீற்றர் தூரத்து சனல்கள் 200 இலவசமாக வரும்” என்றொரு செய்தி திருகோணமலைக் குழுக்களில் சுற்றுகிறது. அது பிழை.

அன்டனாவில் டிஜிட்டல், அனலொக் என்று இரண்டு சாதி கிடையாது. அது அலையைப் பிடிக்கும் உலோகம், அவ்வளவுதான். உப்புவெளியில் வேன் ஓட்டும் தம்பி ஒருவர் வாங்கியதைப் பிரித்துப் பார்த்தோம்: பிளாஸ்டிக் தாளுக்குள் மெல்லிய தகடு, யூஎஸ்பி வயரில் ஒரு பூஸ்டர். பூஸ்டர் இருக்கிற சிக்னலைத்தான் பெருக்கும், இல்லாததைக் கொண்டுவராது.

தூரமும் பொய். டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. 100 மீற்றர் கோபுரத்துக்கும் 3 மீற்றர் உயர வேனுக்கும் இடையே தடையே இல்லாவிட்டாலும் சுமார் 48 கிலோமீற்றர்தான். நிலாவெளிக் கடற்கரையில் நிறுத்தினாலும் கணக்கு மாறாது.

டிஜிட்டலைப் படிப்பது டிவிக்குள் உள்ள டியூனர். இலங்கை 2014இல் தேர்ந்தெடுத்தது ஐஎஸ்டிபி-டி என்ற ஜப்பானிய டிஜிட்டல் ஒளிபரப்பு முறை. இந்தியாவின் தூர்தர்ஷனுடையது டிவிபி-டி2 என்ற வேறு முறை. உங்கள் டிவியின் டியூனர் எந்த முறைக்கானது என்று அதன் கையேட்டில் பாருங்கள். சனல் நிலவரத்தைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்கலாம்.

தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.