வட்டத்துக்குள் நின்று மோதுகிறவர்கள்

தெருவில் ஆடும் பிள்ளைகளைப் பார்த்து "படிக்கிற வயசுல இது எதுக்கு?" என்று கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, வருத்தம்தான். சுற்றி எல்லோரும் நிற்க, நடுவே ஒருவர் மாற்றி ஒருவர் போட்டியாக ஆடும் அந்த வட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்றிருந்தால் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

தரையில் சுழன்றும் புரண்டும் ஆடும் தெரு நடனமான பிரேக்கிங் பிறந்த இடத்தைப் பாருங்கள். 1970களின் நியூயார்க் நகரில் பிராங்க்ஸ் என்ற பகுதி. வீடுகளை இடித்து நடுவே நெடுஞ்சாலை போட்டிருந்தார்கள். வேலைகள் போய்விட்டன, கட்டடங்கள் எரிந்தன, எங்கும் கும்பல்கள். 1971 டிசம்பரில், சண்டையை விலக்கப் போன 'கெட்டோ பிரதர்ஸ்' கும்பலின் இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். எல்லோரும் பழிவாங்கலை எதிர்பார்த்தார்கள். அவருடைய கூட்டாளிகளோ மற்ற கும்பல்களை அழைத்துச் சமாதானம் பேசினார்கள்.

அப்புறம் 1973 ஆகஸ்ட் 11. சிண்டி கேம்ப்பெல் என்ற பெண், பள்ளிக்குப் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க, தன் குடியிருப்பின் பொது அறையில் ஒரு பார்ட்டி வைத்தார். நுழைவு, பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. இசைத்தட்டு போட்டது அவருடைய அண்ணன் கூல் ஹெர்க், வயது 18. பாட்டு அடங்கி டிரம்ஸ் மட்டும் கேட்கும் சில நொடிகளுக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்தவர் அவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு அந்த நொடிகளை நீட்டினார். பாட்டின் அந்த இடத்துக்குப் பெயர்தான் பிரேக், அதற்கு ஆடியதுதான் பிரேக்கிங். எந்த அரசுத் திட்டமும் இல்லாமல் பிள்ளைகளே உண்டாக்கிய கலை இது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

இளைஞர்களைத் தவறான வழிக்குப் போகாமல் தடுக்கிறது என்று மட்டும் இதைப் பாராட்டுவது போதாது. வட்டத்துக்குச் சட்டம் உண்டு. எதிராளி மூக்குக்கு நேரே வந்து சீண்டலாம், தொடக்கூடாது. உன் முறை வரும்வரை அவன் ஆடுவதை நீ பார்த்தே ஆக வேண்டும். இன்னொருவர் அசைவைத் திருடினால் 'பைட்டிங்', அதைவிடப் பெரிய அவமானம் அங்கே இல்லை. கோபத்தை அடக்கச் சொல்லும் இடங்கள்தான் அந்தப் பிள்ளைகளுக்கு எங்கும். கோபத்தோடு வா, ஆனால் அதை ஆடிக் காட்டு என்கிறது இது. லாஸ் ஏஞ்சல்ஸின் ஏழைப் பகுதியில் பிறந்த கிரம்ப் ஆட்டத்தைப் பாருங்கள். மார்பு அதிர, கை வீசி, தரை அதிர மிதித்து, பார்க்கிறவர்களுக்கு அடிதடி போலத் தெரியும். அடி யார் மேலும் விழாது.

தலையைத் தரையில் ஊன்றிச் சுழலும் ஒரு ஹெட்ஸ்பின் கைகூட மாதக்கணக்கில் விழ வேண்டும். விழும்போது யாரும் திட்டுவதில்லை, தூக்கிவிடுகிறார்கள். பள்ளியில் பெயிலான பையனுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

ஆட்டம் வீட்டு வாடகையைக் கட்டிவிடாது, வேலையும் தந்துவிடாது, சரி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரேக்கிங் இடம்பெற்றதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் பதக்கம் வாங்கித் தந்தால்தான் இடம் கொடுப்போம் என்பது நியாயமே இல்லை. பயிற்சியாளர், சீருடை, கோப்பை எதுவும் முதலில் வேண்டாம். வழுவழுப்பான தரை, ஒரு பிளக் பாயின்ட், இரவு ஒன்பது மணி வரை விளக்கு. மாலையில் பூட்டிக் கிடக்கும் கூடத்தின் சாவி உங்கள் கையில் இருந்தால், அதைத் திறந்து விடுங்கள்.