எட்டு போட்டவனுக்கு 390 சிசி

பக்கத்துத் தோட்டத்துத் தம்பிக்குப் பொங்கலுக்குத்தான் 18 முடிந்தது. அதுவரை ஓட்டியது அவன் அப்பாவின் எக்ஸ்எல் மட்டும், அதுவும் பால் சொசைட்டி வரைக்கும். இரவல் வண்டியில் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கினான். ஈரோட்டில் 390 சிசி பைக்கைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "ஓட்டிப் பழகியிருக்கியா கண்ணு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, தவணை பற்றித்தான் பேச்சே.

சட்டமும் தடுக்காது. கியர் வண்டிக்கு ஒரே லைசென்ஸ்தான், 100 சிசி ஆனாலும் 1000 சிசி ஆனாலும். ஐரோப்பிய நாடுகளில் 18 வயதுக்காரர் திறன் குறைந்த பைக்கில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகுதான் பெரிய வண்டிக்குப் போக முடியும்.

ஏனுங்க, விற்கிறவர்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லையா? ராத்திரி அந்தச் சத்தம் கிளம்பினால், திரும்பி வரும்வரை எனக்குத் தூக்கம் வருவதில்லை.