பைபர் என்றாலும் தட்டிப் பாருங்கள்

மனைவியோடு கரையோரம் சுற்றப் பழைய பாய்மரப் படகு தேடுபவருக்கு, "பைபர் (கண்ணாடி இழை) உக்காது, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்று ஒரு தம்பி சொல்லியிருக்கிறார். பாதிதான் சரி. பைபர் உக்காதுதான். ஆனால் பல படகுகளின் மேல்தளத்தில், இரண்டு பைபர் படலங்களுக்கு நடுவே பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ இருக்கும். கைப்பிடிக் கம்பியின் போல்ட் துளை வழியே தண்ணீர் இறங்கினால் அது உள்ளேயே உக்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளக்கும்.

நான் இப்போது ஹட்டனில் இருந்தாலும், தென்மேற்குக் கரையில் உள்ள காலி நகரில் படகுப் பட்டறையில் வேலை செய்தவன். ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டுவோம். பலாப்பழம் தட்டுகிற மாதிரிதான், காது பழக வேண்டும். நல்ல இடம் 'டக்' என்று கேட்கும். உக்கிய இடம் 'தொம்' என்று மந்தமாக. ஏறி மிதித்தால் லேசாக அமுங்கும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் கம்பிவடங்கள் 10, 15 வருடம் தாண்டியிருந்தால் மாற்றுகிற செலவையும் விலையில் பேசுங்கள்.

அப்புறம், "எந்த மாதமும் காலிப் பக்கம் போகலாம்" என்பதும் தவறு. மே முதல் செப்டெம்பர் வரை, இங்கே ஹட்டனில் மழை கொட்டும்போது, அந்தக் கடலும் கொந்தளிக்கும். அப்போது திருகோணமலைப் பக்கம்தான் நிம்மதி. பதுளைக்கு மழை வரும் வடகீழ்ப் பருவத்தில் அப்படியே தலைகீழ்.