கரண்டு இல்லியாண்ணே?

நேற்று சாயங்காலம் மழை விட்டதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வீட்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். பத்து நிமிஷத்துக்குள் மூணு பேர் கேட்டுவிட்டார்கள்: “என்னண்ணே, வீட்டுல கரண்டு இல்லியா?”

தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. ஐப்பசி மழை கழுவிவிட்ட வேளிமலை கைநீட்டினால் தொடலாம் போல நிற்கிறது. இதைப் பார்க்க ஒரு மனுஷன் வெளியே வந்து உட்கார்ந்தால் மின்வாரியத்தின் மேல் பழி போகிறது.

பதினேழு வருஷம் ஷார்ஜாவில் எலக்ட்ரீஷியனாக இருந்தேன். வெளியே உட்காருவது எவ்வளவு பெரிய சுகம் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30-லிருந்து 3 மணி வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே உண்டு. அப்படி ஒரு வெயில். மொட்டைமாடித் தொட்டி கொதித்து, குழாயைத் திறந்தால் கை பொள்ளும். நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? ஹீட்டரை அணைத்துவிட்டு அதிலிருக்கும் தண்ணீரில் குளிப்போம். அறைக்குள் இருப்பதால் அதுதான் ஆறியிருக்கும். ஹீட்டரைத் திரும்பப் போடும் நாள் வந்தால் எங்களுக்குக் குளிர்காலம் வந்தாயிற்று என்று அர்த்தம்.

அரபிகள் இதை வானத்தில் பார்ப்பார்கள். ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன்னால் தெற்கே தாழ்வாக ஒரு நட்சத்திரம் தெரியும், சுஹைல். அது வந்துவிட்டால் இனி இரவு மெல்ல மெல்ல ஆறும் என்பது அவர்கள் கணக்கு. ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, நாம் அகத்தியர் நட்சத்திரம் என்று சொல்வதும் அதுதான். அகஸ்தீஸ்வரம் என்று ஒரு தாலுகாவே வைத்திருக்கிற மாவட்டத்துக்காரன், அதை ஒரு அரபி டிரைவர் காட்டித்தான் பார்த்தேன்.

அக்டோபர் கடைசி, நவம்பர் ஆனதும் வெள்ளிக்கிழமைகளில் ஊரே மணலுக்குக் கிளம்பும். பெரிய பெரிய காருக்காரனும் ரோட்டோரம் நிறுத்தி, மணலில் ஜமுக்காளத்தை விரித்து, கரி மூட்டி உட்கார்ந்திருப்பான். நாங்கள் ஆறு பேர் ஒரு பிக்கப்பில் மெலைஹா பக்கம் போவோம். மசாலா தடவிய மத்தி, அறையிலேயே அவித்து எடுத்துக்கொண்ட மரச்சீனி, ஃபிளாஸ்கில் கட்டன் சாயா. ஒரு காஃப் மரத்தடி எங்களுக்கு வாடிக்கை. அந்த நாட்டின் தேசிய மரம் அது. நம் கோயில்களில் சுற்றிக் கும்பிடுகிற வன்னி மரமும் அதுவேதான். இருட்டின பிறகு மேல்மணல் சில்லென்று இருக்கும். விரலை உள்ளே விட்டால் பகல் சூடு மிச்சமிருக்கும். குளச்சல்காரன் ஒருத்தன் பனியனோடு உட்கார்ந்து “குளிருகுலே” என்பான். வேறொன்றும் பேசமாட்டான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை இருக்கும், குளிரை அவனே கொண்டுவந்த மாதிரி.

இங்கே ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. அந்தக் கொடும் வெயில் கிடையாது. அநேகமாக வருஷம் முழுக்கச் சாயங்காலங்களில் வெளியே உட்காரலாம், யாரும் உட்காருவதில்லை. எல்லோரும் செல்போனைத் திட்டுகிறார்கள். நான் வீடுகளைத்தான் சொல்வேன். எங்கள் தெருவில் வெளிநாட்டுப் பணத்தில் எழுந்த எந்த வீட்டுக்கும் முற்றம் கிடையாது. ஏழடி மதில், இரும்பு கேட், தரை முழுக்க இன்டர்லாக் கல். பகலில் குடித்த வெயிலை அந்தக் கல் சாயங்காலம் நம் காலில் கக்கும். அப்புறம் எவன் உட்காருவான்?

யாரையோ சொல்லவில்லை, என் வீட்டைத்தான் சொல்கிறேன். முன்னால் ஒரு அயனி மரம் நின்றது. அம்மா அதன் கீழே இருந்துதான் மீன் வெட்டுவாள், பூனைகள் வட்டம் போட்டு இருக்கும். இலை விழுந்து கூட்ட முடியவில்லை, வெட்டிவிடலாமா என்று ஃபோனில் கேட்டார்கள். சரி என்றேன். ஒரு மரத்தடிக்காக ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மணலில் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அந்தச் ‘சரி’யைச் சொன்னேன்.

விடுமுறைக்குத் திற்பரப்பு, மாத்தூர் தொட்டிப்பாலம் என்று போகிறோமே என்பீர்கள். அது பார்க்கிங் தேடுகிற வேலை. தேரூர்க் குளத்துக்கு இந்த மாதங்களில் எங்கெங்கிருந்தோ பறவைகள் வருகின்றன, 2022-ல் அதற்கு உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்கிற ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தாயிற்று. கரையில் அரைமணி நேரம் சும்மா நிற்க எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? கொசு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு கைப்பிடி தேங்காய்க் கதம்பையைப் புகைய விட்டால் தீரும்.

போன வாரம் மதிலோரம் ஆறு வரிசை இன்டர்லாக் கல்லைப் பெயர்த்துவிட்டேன். “நல்ல கல்லப் போய் இளக்குதியளே, மண்டைக்கு வட்டா?” என்று வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. ஒரு அயனிக் கன்று வைத்திருக்கிறேன். முழங்கால் உயரம் இருக்கும். அதற்குப் பக்கத்தில்தான் நேற்று அந்த நாற்காலி.

ஏழு மணிக்கு நிஜமாகவே கரண்டு போனது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பேர் நாற்காலியோடு வந்தார்கள்.