விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லையாம்!

முந்தாநாளிலிருந்து சுற்றிக்கொண்டிருக்கும் அந்தப் பதிவைத்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். பில் கிளின்டன் சிரித்தபடி நிற்கும் படம். கீழே "1996: சமரசம் செய்தார், ஜெயித்தார். 2012: ஒபாமா சமரசம் செய்தார், ஜெயித்தார்." முத்தாய்ப்பாக "விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை." அங்கே போய் மரியாதையாக நாலு வரி எழுதினேன். வாய்விட்டுச் சிரிக்கும் ஸ்மைலி ஒன்று வந்தது, கூடவே "தம்பி, எலெக்‌ஷன் வேற, வீரவசனம் வேற" என்று ஒரு பதில். அதற்கு இருநூறு லைக்.

சரி அண்ணே. வீரவசனத்தை ஓரமாக வைத்துவிட்டு எலெக்‌ஷனையே பேசுவோம்.

பதவியில் இருந்துகொண்டு மறுபடி நிற்கிற அமெரிக்க அதிபருக்கு சமரசம் தன்னந்தனியாக ஓட்டு வாங்கித் தந்ததில்லை. கிளின்டனும் ஒபாமாவும் ஜெயித்தது, "இதை மட்டும் விடமாட்டேன்" என்று ஓரிடத்தில் காலை ஊன்றி நின்றதால். அந்த இடம் சாதாரண ஜனத்தின் கையில் இருக்கும் காகிதத்தில் டாலர் கணக்காகத் தெரிந்ததால். சமரசம் அதற்கு மேலே பூசிய வெள்ளை. சுவரை விட்டுவிட்டு வெள்ளையைப் படம் பிடித்துப் போட்டால் எப்படி?

1996ஐ முதலில் எடுங்கள். 1994 நவம்பரில் கிளின்டனின் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 54 இடங்களை இழந்தது, செனட்டும் போனது. தேர்தல் ஆலோசகர் டிக் மாரிஸ் உள்ளே வந்தார், முக்கோண உத்தி வந்தது. அதாவது இரண்டு கட்சிக்கும் நடுவில், கொஞ்சம் உயரத்தில் போய் நின்றுகொள்வது. 1995 ஜூனில் பத்து வருடத்தில் பட்ஜெட்டைச் சமன் செய்யும் திட்டத்தைக் கிளின்டனே அறிவித்தார். சொந்தக் கட்சி எம்.பி.க்கள் கொதித்தார்கள். இதுவரை அந்தப் பதிவு சொல்வது சரி. இதோடு அது நின்றும் விடுகிறது.

1995 நவம்பர் 13 ராத்திரி என்ன நடந்தது? அரசாங்கம் ஓடுவதற்கான தற்காலிகச் செலவு மசோதாவை எதிர்த்தரப்பான குடியரசுக் கட்சி அனுப்பியது. அதற்குள் முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பற்றி ஒரு பிரிவைச் செருகியிருந்தார்கள். முதியவர்கள் டாக்டர் செலவுக்காகக் கட்டும் பார்ட் பி பிரீமியம் 1995இல் மாதம் 46.10 டாலர். அன்றைய சட்டப்படி 1996 ஜனவரியில் அது 42.50க்கு இறங்கவேண்டும். இறங்கவிடாமல் தடுப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. இந்தப் பணம் மாதாமாதம் சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு ஓய்வூதியச் செக்கிலேயே பிடிக்கப்படும். பிடித்தது போக மிச்சம் எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருக்கும் பாட்டிகள் அந்த நாட்டில் கோடிக்கணக்கில் உண்டு. கிளின்டன் வீட்டோ செய்தார், அதாவது கையெழுத்துப் போடாமல் திருப்பியனுப்பினார். மறுநாள் அரசு அலுவலகங்கள் மூடின. முதலில் ஐந்து நாள், பிறகு டிசம்பர் 16 முதல் ஜனவரி 6 வரை 21 நாள்.

பழி யார் மேல் விழுந்தது? சபாநாயகர் நியூட் கிங்ரிச் மேல். அதை அவரே ஏற்பாடு செய்துகொண்டார். இஸ்ரேல் பிரதமர் ராபினின் இறுதிச் சடங்குக்குப் போய்த் திரும்பிய விமானத்தில் அதிபர் தன்னிடம் பேசவில்லை, பின்வாசல் வழியாக இறங்கச் சொன்னார்கள், மசோதா கடுமையானதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நிருபர்களிடம் சொல்லிவைத்தார். நியூயார்க் டெய்லி நியூஸ் அவரை டயப்பர் கட்டிய அழுமூஞ்சிக் குழந்தையாக முதல் பக்கத்தில் வரைந்தது. ஒரு பக்கம் பாட்டியின் 46 டாலர், இன்னொரு பக்கம் சபாநாயகரின் விமானப் படிக்கட்டு. இதற்கு மேல் விளம்பரம் தேவையா? (விளம்பரமும் இருந்தது. 1995 கோடையிலேயே கட்சிப் பணத்தில், முக்கிய மாநிலங்களில் டிவி விளம்பரம் ஓட ஆரம்பித்துவிட்டது. நிருபர்கள் கண்ணில் படாமல் இருக்க நியூயார்க், வாஷிங்டன் இரண்டையும் தவிர்த்தார்கள். சமரசப் பதிவர்கள் கண்ணில் இன்றுவரை படவில்லை.)

இதெல்லாம் முடிந்த பிறகுதான் 1996 ஜனவரி உரையில் பெரிய அரசாங்கத்தின் காலம் முடிந்தது என்று அறிவிக்கிறார். ஏழைகளுக்கான அரசு உதவியைச் சுருக்கும் நலத்திட்ட மசோதாவும் அப்படித்தான். இரண்டு தடவை வீட்டோ, மூன்றாவது தடவை ஆகஸ்டில் கையெழுத்து. முதலில் முறைப்பு, அப்புறம் கைகுலுக்கல். வரிசையை மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒபாமாவின் முதல் இரண்டரை வருடமே சாட்சி.

2009 பிப்ரவரியில் பொருளாதார ஊக்கத் திட்டம், 787 பில்லியன் டாலர். எதிர்க்கட்சியை இழுக்கலாம் என்று பெரிய பங்கை வரிக் குறைப்பாக முன்கூட்டியே உள்ளே வைத்தார்கள். பிரதிநிதிகள் சபையில் எத்தனை குடியரசுக் கட்சி ஓட்டு விழுந்தது? பூஜ்யம். செனட்டில் மூன்று. பேரம் தொடங்கும் முன்பே கொடுத்துவிட்டால் வாங்குகிறவன் ஏன் நன்றி சொல்லப்போகிறான்? அந்த வரிக் குறைப்பு கொடுக்கப்பட்ட விதம் இன்னும் வேடிக்கை. ஆளுக்கு 400 டாலர், சம்பளப் பிடித்தத்தில் வாரத்துக்குச் சில டாலராகக் கரைத்துக் கொடுத்தார்கள். மொத்தமாகக் கொடுத்தால் சேமித்துவிடுவார்கள், தெரியாமல் கொடுத்தால் செலவழிப்பார்கள் என்பது பொருளாதார நிபுணர்களின் கணக்கு. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலோருக்கு வரி குறைந்ததே தெரியவில்லை. 2010 நவம்பரில் பிரதிநிதிகள் சபையில் அவர் கட்சிக்கு 63 இடங்கள் போயின.

அப்போதாவது நிறுத்தினாரா? டிசம்பரில் இளைய புஷ் காலத்து வரிச் சலுகைகளை, பணக்காரர்களுக்கு உரியதையும் சேர்த்து, இரண்டு வருடம் நீட்டினார். 2011 ஜூலையில் அரசின் கடன் வரம்பை உயர்த்த குடியரசுக் கட்சிச் சபாநாயகர் பேய்னருடன் பெரிய பேரம். மெடிகேர் வயதை 65இலிருந்து 67 ஆக்குவதுகூட மேஜையில் இருந்தது. கிளின்டன் 46 டாலருக்காக அரசாங்கத்தையே மூடவிட்ட அதே மெடிகேர்! அந்தப் பேரமும் ஜூலை 22 உடைந்தது. ஆகஸ்ட் 2 கையெழுத்தான கடன் வரம்புச் சட்டத்தில் ஒரு சென்ட் வரி உயர்வு இல்லை. ஆகஸ்ட் 5 தர நிர்ணய நிறுவனமான ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் நாட்டின் கடன் தரத்தை இறக்கியது. காலப் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் ஒபாமாவுக்கான ஆதரவு 40 சதவீதத்துக்குக் கீழே போனது. சமரசத்தின் உச்சி அந்த ஆகஸ்ட்தான். அந்த மாதம் தேர்தல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தப் பதிவர் சொல்லட்டும்.

அப்புறம்தான் மனிதர் திரும்பினார். செப்டம்பரில் 447 பில்லியன் டாலர் வேலைவாய்ப்பு மசோதா. நிறைவேறாது என்று தெரிந்தே அனுப்பினார். டிசம்பரில் கன்சாஸின் ஓசவாடமியில், தியோடர் ரூஸ்வெல்ட் 1910இல் பேசிய அதே ஊரில், ஏற்றத்தாழ்வைப் பற்றிப் பேசினார். அதே மாதம், தற்காலிகமாகக் குறைத்திருந்த சம்பள வரியை நீட்டுவதா என்ற சண்டை. வரி 4.2 சதவீதத்திலிருந்து 6.2க்குத் திரும்பினால் ஐம்பதாயிரம் டாலர் சம்பாதிப்பவருக்கு வருடத்துக்கு ஆயிரம் டாலர் போகும். வெள்ளை மாளிகை அந்த ஆயிரத்தைப் பற்றிப் பேசவில்லை. இரண்டு வாரச் சம்பளத்துக்கு நாற்பது டாலர் என்று உடைத்து, "நாற்பது டாலர் உங்களுக்கு என்ன?" என்று ஜனத்தையே கேட்டது. எழுதிக் குவித்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் குடியரசுக் கட்சி இறங்கிவந்தது. 2009இல் ஒளித்துக் கொடுத்த 400 டாலர் ஓட்டாகவில்லை, 2011இல் காட்டிச் சண்டைபோட்ட 40 டாலர் ஓட்டாயிற்று. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான பாடம் அந்த நாட்டுத் தேர்தல் வரலாற்றில் இல்லை.

"பொருளாதாரம் நன்றாக இருந்தது, அதனால் ஜெயித்தார்கள்" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, மறுக்கமாட்டேன். 1996இல் வேலையின்மை 5.4 சதவீதம், அது பெரிய கை. ஆனால் 2012 செப்டம்பரில் 7.8. மூத்த புஷ் தோற்ற 1992இன் மோசமான மாதத்திலும் அதே 7.8தான். ஒபாமாவுக்கு அது பத்திலிருந்து இறங்கிவந்த எண், புஷ்ஷுக்கு ஏறிப்போன எண் என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அதனால் உங்கள் சமரசக் கோட்பாடு எப்படி நிரூபணம் ஆகிறது? பொருளாதாரம்தான் காரணம் என்றால் சமரசம் காரணம் இல்லை. ஒன்றைப் பிடியுங்கள்.

"நடுநிலை வாக்காளர்" என்று இன்னொருவர் வந்தார். 2012 வாக்குச்சாவடிக் கணிப்பைத் திறந்து பாருங்கள். கட்சி சாராதவர்களிடம் குடியரசுக் கட்சி வேட்பாளர் ராம்னி 50, ஒபாமா 45. அவர்களிடம் தோற்றும், அதிபரை முடிவுசெய்யும் மாநிலவாரியான எலக்டோரல் ஓட்டில் ஒபாமா 332 வாங்கினார். விஷயம் முடிந்தது.

இவர்கள் தொடவே தொடாத வருடம் 1992. புஷ்ஷைவிடப் பெரிய சமரசக்காரர் யார்? 1988இல் புதிய வரி இல்லை, என் உதட்டைப் படியுங்கள் என்றார். 1990இல் ஆண்ட்ரூஸ் விமானத் தளத்தில் எதிர்க்கட்சியோடு உட்கார்ந்து வரி உயர்வுக்குச் சம்மதித்தார். கடைசியில் வந்த சட்டத்தில் உச்ச வருமான வரி 28 சதவீதத்திலிருந்து 31 ஆனது. கொள்கையாகப் பார்த்தால் நல்ல ஒப்பந்தம், பிற்காலத்தில் பற்றாக்குறை இறங்கியதில் அதற்கும் பங்குண்டு. அரசியலாகப் பார்த்தால்? சொந்தக் கட்சியே கிங்ரிச் தலைமையில் முதல் ஒப்பந்தத்தைக் கவிழ்த்தது. 1992 பிப்ரவரியில் நியூ ஹாம்ப்ஷயர் ப்ரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், அவரை எதிர்த்து நின்ற புக்கானன் 37 சதவீதம் பிடித்தார். மார்ச்சில் புஷ் அந்த வரி உயர்வைத் தவறு என்று தானே சொன்னார். செய்ததற்கும் பெயர் இல்லை, மன்னிப்புக்கும் பெயர் இல்லை. வளைகுடாப் போர் முடிந்தபோது 89 சதவீத ஆதரவில் இருந்தவர் நவம்பரில் வாங்கிய ஓட்டு 37 சதவீதம் சொச்சம். விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லையாம்.

ப்ரைமரி என்றதும் இன்னொன்று. சொந்தக் கட்சிக்குள்ளே பலமான போட்டியைச் சந்தித்த அதிபர்களை எண்ணுங்கள்: 1968 ஜான்சன், 1976 ஃபோர்டு, 1980 கார்டர், 1992 புஷ். ஒருவர்கூட மறுபடி வெள்ளை மாளிகைக்குத் திரும்பவில்லை. கிளின்டனுக்கும் ஒபாமாவுக்கும் அப்படி யாரும் எதிரே நிற்கவில்லை. எதிர்க்கட்சியோடு கைகுலுக்கும்போது சொந்த வீட்டுக் கதவு தாழ் போட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கிளின்டனுக்கு அந்தத் தாழ்ப்பாள் அந்த வீட்டோதான். கட்சி அவரை மன்னித்தது அன்றைக்குத்தான்.

பைடனையும் இழுத்தார்கள். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்துக்கு 19 குடியரசுக் கட்சி செனட்டர்கள் ஓட்டுப்போட்டார்கள். 2023இல் கடன் வரம்புக்கு அன்றைய சபாநாயகர் மெக்கார்த்தியுடன் ஒப்பந்தம். 2024 பிப்ரவரியில் இரு கட்சியும் பேசி முடித்த எல்லைப் பாதுகாப்பு மசோதாவை ட்ரம்ப் வேண்டாம் என்றதும் எதிர்த் தரப்பே கொன்றது. விலைவாசியும் வயதும் வேறு சேர்ந்தன. ஜூலை 21 பைடன் போட்டியிலிருந்தே விலகினார். சமரசத்துக்கு ரசீது கொடுக்க அங்கே ஆளில்லை.

இதையெல்லாம் பொறுமையாக எழுதிவிட்டேன். உண்மையில் என்னைக் குத்தியது அந்தப் படம். கிளின்டன் சிரிக்கும் படத்தைப் போட்டு சமரசம் என்று கொண்டாடுகிறீர்களே, 1996 ஆகஸ்ட் 22 அவர் கையெழுத்துப் போட்டது எதில் என்று யாராவது படித்தீர்களா? ஏழைத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் 1935 முதல் இருந்த மத்திய அரசு உத்தரவாதத்தை ரத்து செய்யும் சட்டம். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 60 மாதம்தான் மத்திய உதவி. சட்டப்படி குடியேறியவர்களில் பெரும்பாலோருக்கு, ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் உணவு முத்திரை கிடையாது என்றது. அன்றைக்குக் கருத்துக்கணிப்புகளில் எதிர் வேட்பாளர் டோலைவிடப் பல புள்ளிகள் முன்னால் இருந்தார். கையெழுத்துப் போடாவிட்டால் தோற்பீர்கள் என்று மாரிஸ் பயமுறுத்தினார். பாட்டியின் 46 டாலருக்கு நின்றவர் இந்தத் தாய்மாருக்கு நிற்கவில்லை. பாட்டிகள் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர்கள்.

பீட்டர் எடெல்மன் என்று ஒருவர், சுகாதாரத் துறையில் உயர் பொறுப்பு, கிளின்டன் தம்பதிக்குப் பல வருட நண்பர். ஹிலாரி ஒருகாலத்தில் வேலை பார்த்தது அவருடைய மனைவி மரியன் நடத்திய குழந்தைகள் அமைப்பில். அந்தச் சட்டத்தை எதிர்த்து எடெல்மன் செப்டம்பரில் ராஜினாமா செய்துவிட்டுப் போனார். நவம்பரில் கிளின்டன் 379 எலக்டோரல் ஓட்டோடு ஜெயித்தார். கெட்டுப்போகவில்லைதான், ஒப்புக்கொள்கிறேன் அண்ணே. விட்டுக்கொடுத்தது அவருடையதாக இருந்தால்தானே அவர் கெட.

அந்தச் சட்டம் மாநிலங்களுக்கு வருடத்துக்கு சுமார் 16.5 பில்லியன் டாலர் என்று ஒரு தொகையை நிர்ணயித்தது. விலைவாசி ஏறினால் தொகை ஏறும் என்று ஒரு வரி அதில் இல்லை. இன்றைக்கும் அதே சுமார் 16.5 பில்லியன்தான் போகிறது. இதற்கும் அந்தச் சிரிப்பு ஸ்மைலியைப் போடுவதென்றால் போட்டுக்கொள்ளுங்கள்.