டர்போவைக் கடைசியாக வாங்குங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவரின் மகன் வீட்டுக்கு வந்தான். தோளில் கல்லூரிப் பை, பைக்குள் செய்தித்தாளில் சுற்றிய பழைய டர்போ. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணித்துச் சக்தியைக் கூட்டும் கருவி அது. பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையில் அரை நாள் பேரம் பேசி வாங்கியிருக்கிறான். “மாமா, இதை மாட்ட எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டான். ஆறு வருடங்களுக்கு முன்னால் நானும் இதே முகத்தோடு அதே தெருவிலிருந்து திரும்பியவன் என்பதால், எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

என்னுடையது 1,500 சிசி பெட்ரோல் எஞ்சின்; சிலிண்டர்கள் அடங்கிய பிளாக் அலுமினியம். பூஸ்ட், அதாவது டர்போ கூட்டும் காற்றழுத்தம், வளிமண்டலத்தில் பாதியான அரை பார்தானே, என்ன ஆகிவிடும் என்று மாட்டிவிட்டேன். மூன்று வாரம் ராஜபோகம். மே மாத மதியம் ஒன்றில், கோவளம் தாண்டி, பின்னால் வெள்ளைப் புகை. வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைக் கழற்றினால், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர்களுக்கு இடையே அறுந்திருந்தது. புதிது போட்டேன். இரண்டு மாதத்தில் அதே இடத்தில் மறுபடியும் அறுந்தது.

அப்புறம்தான் அம்பத்தூரில் சிலிண்டர் துளைகளைக் கடையும் ஒரு போரிங் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் அந்தத் துளையின் (போரின்) விட்டத்தை அளக்கும் போர் கேஜை உள்ளே விட்டு, மேலே ஒரு அளவு, நடுவே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று எடுத்தார். கேஜைத் திருப்பி மறுபடியும் எடுத்தார். மேல்விளிம்பில் மட்டும் வட்டம் முட்டை வடிவமாகியிருந்தது. “கேஸ்கெட் என்ன செய்யும் தம்பி? சுவரே ஆடுகிறதே” என்றார்.

ஆடத்தான் செய்யும். என்னுடையது ஓபன் டெக் பிளாக், அதாவது டெக் எனும் மேல்முகம் திறந்த வகை. அதை மேலிருந்து பாருங்கள். தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் நான்கு டம்ளர்களை நிறுத்தியதுபோல இருக்கும். அடியில் பிடிப்பு உண்டு, விளிம்பைச் சுற்றி வெறும் தண்ணீர். 75 மில்லிமீட்டர் பிஸ்டன் மேல் 60 பார் அழுத்தம் வந்தாலே அது இரண்டரை டன்னைத் தாண்டிய விசை. பூஸ்ட் ஏறி அது 90 பார் ஆனால் நான்கு டன். கனெக்டிங் ராடு சாய்வாக நிற்பதால் அதில் ஒரு பங்கு பக்கவாட்டில் சுவரைத் தள்ளுகிறது. போதாக்குறைக்கு நம் ஊர் வெயிலில் சூடான காற்றை இழுத்து, எரிபொருள் கட்டுமீறி வெடித்து எஞ்சின் ‘நாக்’ அடிக்க ஆரம்பித்தால், அது சுத்தியல் அடி.

இதற்கு மலிவான வைத்தியம் ஒன்று சொல்வார்கள்: டெக்கின் இடைவெளியில் ஒரு வளையத்தைத் தட்டி இறக்கிவிடுவது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சூடு மிக அதிகமான இடத்திலேயே தண்ணீரின் ஓட்டத்தைக் குறுக்குகிறது; தட்டுகிற தட்டில் போரும் நெளியலாம். தண்ணீர் அறையில் பாதிக்குக் கலவை ஊற்றி இறுகவைப்பது கால் மைல் ஓட்டப் பந்தய வண்டிக்குச் சரி. கத்திப்பாரா நெரிசலில் ஏசி போட்டு நிற்கிற வண்டிக்கு அது வேண்டாம்.

நான் செய்தது ஸ்லீவ், அதாவது சிலிண்டருக்குப் புது உட்குழாய். பழைய உட்குழாயான லைனரைக் கடைந்து எடுத்துவிட்டு, மேல்விளிம்பு அகன்ற, எளிதில் உடையாத டக்டைல் இரும்பு ஸ்லீவ்களை இறக்கினார்கள். விளிம்புகள் ஒன்றையொன்று தொட்டு நிற்பதால் டெக் கிட்டத்தட்ட மூடிவிடுகிறது. அதற்கு முன் பிளாக்கில் விரிசல் பார்க்கச் சிவப்புச் சாயம் தடவி, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தார் பெரியவர். பத்து நிமிடம் நான் மூச்சுவிடவில்லை. சிவப்புக் கோடு எதுவும் எழும்பவில்லை.

நான் சண்டைபோட்டது டார்க் பிளேட்டுக்காக. ஹெட்டை இறுக்கும்போது போர் சற்றே நெளியும். அதனால் ஹெட்டுக்குப் பதிலாகக் கனத்த தகடு ஒன்றை, அதே கேஸ்கெட், அதே இறுக்கத்தில் பூட்டி, நெளிந்த நிலையிலேயே ஹோனிங் செய்ய வேண்டும், அதாவது போரின் சுவரைக் கல்லால் உரசிச் சீராக்க வேண்டும். முதலில் கேட்ட பட்டறையில் “அதெல்லாம் எதற்கு சார்” என்றார்கள். தகடு கடைய ஆன செலவு டர்போ வாங்கிய விலையில் பாதி. பெரியவர் மட்டும்தான் சிரிக்கவில்லை. கிராங்க் தண்டைப் பிடித்துவைக்கும் மெயின் கேப்புக்கு போல்ட்டை எடுத்துவிட்டு, தலையில்லாத திருகுதண்டான ஸ்டட் போட்டால் பிடிமானம் மாறும், கிராங்க் உட்காரும் துளைகளையும் நேர்பார்த்து ஹோன் செய்ய வேண்டும் என்று சொன்னதும் அவர்தான்.

பழைய பிளாக் என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். 1983இல் நெல்சன் பிகே பார்முலா ஒன் பட்டம் வென்ற பிஎம்டபிள்யூ டர்போ எஞ்சினின் பிளாக், சாதாரண சாலைக் காரின் வார்ப்பிரும்பு பிளாக் வழி வந்தது. ஓடித் தேய்ந்த பிளாக்குகளையே தேடிப் பொறுக்கினார்கள் என்று ஒரு கதையும் உண்டு. சூடாகிச் சூடாகி ஆறியதில் வார்ப்பின் உள்ளிறுக்கம் தணிந்திருக்கும் என்பது கணக்கு.

இன்னொன்று: பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. என் வண்டி இப்போது இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் மட்டும் ஓடுகிறது, லாரியில் ஏறிப் போய் லாரியில் ஏறி வருகிறது.

பையனிடம் டர்போவைத் திருப்பித் தரச் சொல்லவில்லை. புதுப்பேட்டையில் யார் திருப்பி வாங்குவார்கள்? வரும் சனிக்கிழமை பிளாக்கை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு அம்பத்தூர் வரச் சொல்லியிருக்கிறேன். முகம் வாடித்தான் போனான். பத்து மணிக்கு வருகிறேன் என்றான்.