காய்ச்சல் என்று மட்டும் சொல்லாதீர்கள், வேலையையும் சொல்லுங்கள்

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்தில் யாருக்குக் காய்ச்சல் கண்டாலும் வீட்டில் முதலில் எழும் பேச்சு "டிங்கியா இருக்குமோ" என்பதுதான். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனைக் காட்டில் வேலை பார்ப்பவரின் காய்ச்சலையும் டிங்கி என்றே முடிவுகட்டி, பப்பாளி இலைச் சாற்றைக் கொடுத்துப் படுக்க வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. டிங்கி வைரஸால் வருவது. எலிக்காய்ச்சல் பாக்டீரியாவால் வருவது. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது; எலிக்காய்ச்சலுக்கோ காலத்தோடு கொடுத்தால் உயிரைக் காப்பாற்றும்.

பாக்டீரியா என்றாலே அருவருப்பும் வேண்டாம். ஒரே செல்லால் ஆன உயிர் அது. பல வகைகளில் ஆயிரத்தை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். நம் உடம்பில் மட்டும் சுமார் 38 லட்சம் கோடி இருக்கலாம் என்று 2016இல் கணக்கிட்டார்கள். பெரும்பாலானவை குடலில் இருந்துகொண்டு செரிமானத்துக்கு உதவுகின்றன. ராத்திரி அரைத்து வைத்த தோசை மாவு காலையில் பொங்கி நிற்பதும் இவற்றின் வேலைதான். காசநோய்க்கு முதல் மருந்தாக வந்த ஸ்ட்ரெப்டோமைசினை 1943இல் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்துதான் எடுத்தார்கள்.

அதே மண்ணில்தான் ஆபத்தானவையும் இருக்கின்றன.

உதிரிப்பழம் பொறுக்குகிற அக்காமார்களின் கையைப் பார்த்திருக்கிறீர்களா? விரல் நுனியெல்லாம் மட்டைமுள் கிழித்த கோடுகள். மழை பெய்த மறுநாள் மரத்தடியில் குனிந்து, சேற்றோடு சேர்த்துப் பழத்தை அள்ளுவார்கள். அந்தப் பழத்தைத் தின்னத்தான் எலியும் வருகிறது. தோட்டத்தில் கம்பத்தின் மேல் ஆந்தைப் பெட்டி வைத்திருப்பதே எலியைப் பிடிக்கத்தான். எலியின் சிறுநீரில் வெளியேறும் லெப்டோஸ்பைரா என்ற எலிக்காய்ச்சல் பாக்டீரியா, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். சின்னக் கீறல் போதும், உள்ளே போய்விடும். கண், மூக்கு, வாய் வழியாகவும் நுழையும்.

காய்ச்சல் உடனே வராது. பெரும்பாலும் 5 முதல் 14 நாள் கழித்துத்தான் வரும். அதற்குள் எந்தத் தண்ணீரில் இறங்கினோம் என்பதே மறந்திருக்கும். கெண்டைக்கால் தொட முடியாமல் வலிக்கும், கண் சிவக்கும். சிலருக்குக் காய்ச்சல் விட்டதுபோல் இருந்து, பிறகு மஞ்சள் காமாலையும் சிறுநீரகக் கோளாறுமாகத் திரும்பும். நம் நாட்டில் 2010 முதல் இதைச் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டுமென்றால் டாக்டருக்கு முதலில் சந்தேகம் வர வேண்டுமே!

இன்னொன்று மெலியோய்டோசிஸ். பெயரே நம்மில் பலருக்குத் தெரியாது. 1911இல் ரங்கூனில் இதைக் கண்டறிந்த இருவரில் ஒருவர் கிருஷ்ணசாமி, மற்றவர் விட்மோர். அதன்பின் சில ஆண்டுகளிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்திலும் அடையாளம் கண்டார்கள். ஈர மண்ணிலும் நீரிலும் வாழும் இந்தப் பாக்டீரியா நுரையீரலைத் தாக்கும், கல்லீரலில் சீழ் கட்ட வைக்கும். காசநோய் என்றே தவறாக நினைக்க வைத்துவிடும். அதிகம் சிக்குவது இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள். நம் சனங்களில் எத்தனை வீட்டில் இனிப்புநீர் மாத்திரை இல்லை, சொல்லுங்கள்! சிகிச்சையும் லேசானதல்ல: முதலில் பெரும்பாலும் இரண்டு வாரமாவது ரத்தநாளம் வழியே மருந்து, பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. உடம்பு தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரும்.

சாதாரண சளிக்கு ஆன்டிபயாடிக் கேட்டு கிளினிக்கில் சண்டை போடுகிறோம். இப்படித் தேவையில்லாமல் விழுங்கி விழுங்கித்தான் பாக்டீரியா மருந்துக்கு மசியாமல் போகிறது. மருந்து உண்மையிலேயே தேவைப்படும் காய்ச்சலுக்கோ நான்கு நாள் பனடோல் போட்டுக் காத்திருக்கிறோம்.

பூட்ஸும் கையுறையும் வேலை கொடுப்பவர் தர வேண்டியவை. கிழிந்தால் மாற்றித் தர வேண்டும், சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. குத்தகைக்கு ஆள் எடுப்பவர்களுக்கும் இது பொருந்தும். இனிப்புநீர் உள்ளவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மண் கிளறினாலும் காலில் செருப்பு மட்டும் போதாது. கீறல் இருந்தால் கழுவி, தண்ணீர் புகாதபடி மூடிக்கொள்ளுங்கள்.

கிளினிக் போனால், "செம்பனைக் காட்டில் வேலை, போன வாரம் வெள்ளத்தில் இறங்கினேன், இனிப்புநீர் இருக்கு" என்று நீங்களே சொல்லுங்கள். கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்களோடு வேலை செய்யும் வங்காளதேச, இந்தோனேசியத் தம்பிகளுக்குக் காய்ச்சல் என்றால் யாராவது ஒருவர் கூடவே போங்கள். டாக்டரிடம் இதையெல்லாம் எடுத்துச் சொல்ல அவர்களில் பலருக்கு மொழி பத்தாது.